கழிமுகத்தில் கொடுவா பிடிக்க ரப்பர் மீன்: முள்ளில் கோப்பது முதல் கரை சேர்ப்பது வரை

கொடுவா தன் இரையைக் கவ்விக் கடிக்கும் மீன் அன்று. இரைக்கு மிக அருகில் வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் நொடிப்பொழுதில் விரித்து, சுற்றியிருக்கும் நீரோடு சேர்த்து அதை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் கழிமுகக் கரையில் நிற்பவர்களின் காதில் அவ்வப்போது ‘டப்’பென்று விழும் ஓசை அப்படி உறிஞ்சும்போது எழுவதுதான். மரத்தாலோ கெட்டிப் பிளாஸ்டிக்காலோ செய்த போலி இரையைத் தவறு தெரிந்தவுடன் அது துப்பிவிடக்கூடும். மென்மையாக வார்த்த போலி மீனோ நீரோட்டத்தோடு வளைந்து வாய்க்குள் எளிதில் போய்விடுகிறது. உண்மையான சதையைப் போல அமுங்குவதால் அங்கே சற்றுக் கூடுதலாகவும் தங்குகிறது. அந்தச் சிறு தாமதம்தான் முள் ஏறுவதற்குத் தேவையான அவகாசம்.

கடைகளில் ரப்பர் மீன் என்றும், தூண்டில்காரர்களிடையே சாஃப்ட் பிளாஸ்டிக் என்றும் வழங்கும் இந்தப் போலி இரைகளைக் கொண்டு, தமிழ்நாட்டுக் கழிமுகங்களில் கரையில் நின்றபடியே கொடுவா பிடிக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இதே கருவியில் பாறை, சீலா, செம்பல்லி ஆகிய மீன்களும் விழும். அவற்றுக்குத் தனி முறை தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில், கலங்கலான நீருக்கு ஒரு வெள்ளையும் தெளிந்த நீருக்கு மடவையின் சாம்பல் நிறத்தில் ஒன்றும் இருந்தால் ஓராண்டு ஓட்டிவிடலாம். மற்ற நிறங்கள் பெரும்பாலும் கடைக்காரருக்குத்தான் பயன்படுகின்றன. மீன் கிடைக்குமா கிடைக்காதா என்பதை நிர்ணயிப்பவை, ரப்பர் மீனை முள்ளில் எவ்வளவு நேராகக் கோத்திருக்கிறோம் என்பதும், அதன் தலையில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதும்தான்.

இரையைப் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

கரைக்குப் போனவுடன் தூண்டிலை வீச வேண்டாம். பத்து நிமிடம் நீரைப் பாருங்கள். நம் கழிமுகங்களில் கொடுவாவின் முதன்மையான இரைகளுள் ஒன்று மடவைக் குஞ்சு. அது மேல்மட்டத்தில் கூட்டமாக நகரும், அஞ்சினால் ஒருசேரத் துள்ளும். ஊடான் பக்கவாட்டில் தட்டையாகப் பளபளக்கும். கிழங்கான் மணல் தரையை ஒட்டியே கிடக்கும். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் நெத்திலிக் கூட்டமும் உள்ளே வரும். அன்றைக்கு அங்கே ஓடும் இரை விரல் நீளம் இருந்தால் ஏழரை சென்டிமீட்டர் ரப்பர் மீனையும், கையகலம் இருந்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ரப்பர் மீனையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பத்து சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குல அளவை வாங்குங்கள்.

வடிவங்களில் இரண்டை மட்டும் அறிந்தால் போதும். முதலாவது துடுப்பு வால். இதன் உடல் வாலுக்கு முன்னால் மெல்லிய கழுத்தாகச் சுருங்கி, அந்தக் கழுத்தின் முனையில் ஒரு வட்டத் தட்டு சாய்வாக நிற்கும். இழுக்கும்போது நீர் அந்தத் தட்டை ஒரு பக்கம் தள்ள, கழுத்தின் நெகிழ்ச்சி அதைத் திருப்பிக் கொண்டுவர, வால் இடைவிடாமல் அடித்துக்கொண்டே வரும். அந்த அதிர்வைக் கொடுவா தன் விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் உணர்கிறது. ஆகவே கலங்கிய நீரிலும் இருட்டிலும் துடுப்பு வாலே நம்பகமானது. இரண்டாவது கவட்டை வால். இது தானாக அசையாது. ராடின், அதாவது தூண்டில் கோலின், நுனியைத் தட்டினால் காயம்பட்ட மீனைப் போல அங்குமிங்கும் திரும்பிச் சறுக்கும். நீர் தெளிந்திருக்கும் பகல் நேரத்தில், துடுப்பு வாலைப் பின்தொடர்ந்து வந்து திரும்பிப் போகும் மீன்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். தொடங்குபவர்கள் துடுப்பு வாலிலேயே கைபழகுவது நல்லது.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக் புழுக்களை வார்த்து விற்கத் தொடங்கியதிலிருந்து, பெரும்பாலான மென் இரைகள் மென்மையூட்டி கலந்த பிவிசியால்தான் செய்யப்படுகின்றன. அண்மைக் காலத்தில் டிபிஇ எனப்படும் வேறொரு பொருளாலும் செய்கிறார்கள். அது ரப்பர் வளையம் போல இழுபடும், மீன் பற்களுக்கு எளிதில் கிழியாது, நீரில் மிதக்கும். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடக் கூடாது. ஒன்றோடொன்று படும்போது பிவிசியில் உள்ள மென்மையூட்டி டிபிஇயை இளக்கிவிடும். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் ஒரு மதியம் முழுவதும் சேர்த்து வைத்து, பன்னிரண்டு மீன்கள் பிசுபிசுப்பான ஒரே உருண்டையாக மாறிக் கிடந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு இது மறக்காமல் போயிற்று. ஒவ்வொன்றையும் அது வந்த உறையிலேயே, வளையாமல், தட்டையாக வைத்திருங்கள். மடங்கிக் கிடந்த வால் பிறகு ஒழுங்காக அடிக்காது. மடங்கிவிட்ட பிவிசி வாலைச் சில நொடிகள் வெந்நீரில் காட்டி, நேராகப் பிடித்துக் குளிர்ந்த நீரில் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தலையின் எடை

முள்ளோடு சேர்த்து ஈயம் வார்த்த தலைக்கு ஜிக்ஹெட் என்று பெயர். எவ்வளவு தூரம் வீச முடியும் என்பதை வைத்து இதன் எடையைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எடை கூடினால் வீச்சு கூடும், உண்மைதான். ஆனால் இரை கல்லைப் போல விழும், மெதுவாக இழுத்தால் தரையில் உரசும், அதைத் தவிர்க்க வேகமாகச் சுற்ற வேண்டிவரும். மறைவிடத்தில் காத்திருந்து தாக்கும் கொடுவா நீண்ட தூரம் துரத்த விரும்பாது. அது பெரும்பாலும் எடுப்பது இரை மெதுவாக விழும்போதும், நின்று மறுபடி கிளம்பும் கணத்திலும்தான். எனவே தரையை எட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே எடை இருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வீசிய இரை நீரில் விழுந்ததும் ரீலின் (நூல் சுற்றும் உருளையின்) கம்பி வளையை மூடி, நூலைப் பார்த்துக்கொண்டே நொடிகளை எண்ணுங்கள். விறைப்பாக இறங்கிக்கொண்டிருக்கும் நூல் திடீரென்று தொய்ந்தால் இரை தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஒரு மீட்டர் இறங்க இரண்டு முதல் மூன்று நொடி ஆனால் எடை சரி. ஒரே நொடியில் விழுந்தால் எடையைக் குறையுங்கள். எண்ணி முடித்தும் நூல் தொய்யாமல் நீரோட்டத்தோடு வில்லாக வளைந்துகொண்டே போனால் கூட்டுங்கள். இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை ஆழமுள்ள அமைதியான நீருக்குப் பத்து சென்டிமீட்டர் ரப்பர் மீனுடன் 7 கிராம் பொருந்தும். நீரோட்டம் இருந்தால் 10 கிராம். முகத்துவாரத்தின் வாயிலில் ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்) வடியும்போது 14 கிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். இந்த மூன்று எடைகளும் பையில் இருக்கட்டும். இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஒரே மாலையில் இரண்டு மூன்று முறை மாற்றத் தயங்க வேண்டாம்.

முள் 3/0 முதல் 5/0 வரையிலான அளவில், தடித்த கம்பியில் இருக்க வேண்டும். நன்னீர் மீன்களுக்கென மெல்லிய கம்பியில் செய்த ஜிக்ஹெட்களின் முள்ளை நடுத்தரக் கொடுவாவே நிமிர்த்திவிடும்.

நேராகக் கோத்தல்

முதலில் ஜிக்ஹெட்டை ரப்பர் மீனின் பக்கவாட்டில் வைத்து அளந்து பாருங்கள். தலையின் பின்புறம் மீனின் மூக்கோடு ஒட்டியிருக்கும் நிலையில், முள்ளின் வளைவு தொடங்கும் இடம் மீனின் முதுகில் எங்கே வருகிறதோ, அங்கே நகத்தால் ஒரு குறி இடுங்கள். முள் முனையை மூக்கின் நட்டநடுவில் குத்தி, உடலின் மையக் கோட்டிலேயே செலுத்துங்கள். முள்ளைத் தள்ளுவதைவிட, ரப்பர் மீனை முள்ளின் மேல் காலுறை மாட்டுவது போலச் சிறிது சிறிதாக ஏற்றுவது எளிது. குறியிட்ட இடத்தில் முனையை முதுகின் நடுக்கோட்டில் வெளியே எடுத்து, மூக்கு ஈயத் தலையோடு இடைவெளியின்றிச் சேரும்வரை ஏற்றுங்கள். தலைக்குப் பின்னால் உள்ள சிறு கொம்பு உடலுக்குள் புதைய வேண்டும். பிவிசியாக இருந்தால் அந்த இணைப்பில் ஒரு துளி உடனடிப் பசை வைத்தால், மீன் உறிஞ்சி விட்ட பிறகும் உடல் சரிந்து இறங்காது.

இப்போது மேலிருந்து பாருங்கள். மூக்கு, முள், வால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முள் குறிக்கு முன்னதாகவே வெளிவந்திருந்தால் உடல் கூன் விழுந்து நிற்கும். தாண்டி வந்திருந்தால் முள்ளின் வளைவில் உடல் சுருங்கி மடியும். இரண்டுமே நீரில் இரையைச் சுழல வைக்கும். சுழலும் இரை நூலை முறுக்குவதோடு, எந்த மீனுக்கும் இரையாகத் தோன்றாது. கோத்து முடித்ததும் கரையோரத்திலேயே ஒரு மீட்டர் இழுத்துப் பாருங்கள். நடக்கும் வேகத்துக்கும் குறைவாக இழுக்கும்போதே வால் அடித்தால் வீசலாம். ஒரு பக்கம் சாய்ந்தாலோ சுழன்றாலோ, சோம்பல் படாமல் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். கோணலாகக் கோத்த இரையை ‘ஒரு தடவை வீசித்தான் பார்ப்போமே’ என்று வீசிய மாலைகளில் எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை.

அலையாத்தி வேர்கள், கிளிஞ்சல் படிந்த கற்கள், பழைய வலைத் துண்டுகள் உள்ள இடத்தில் திறந்த முள் ஐந்தாவது வீச்சுக்குள் சிக்கிவிடும். அங்கே வயிற்றில் எடை வைத்த அகன்ற வளைவு முள் பயன்படும். அதன் முனையை மூக்கில் குத்தி, சிறிது உள்ளே போனதும் அடிப்பக்கமாக வெளியே எடுத்து, முள்ளை முழுவதும் இழுத்துத் திருப்பி, வயிற்றுப் பக்கத்திலிருந்து முதுகு வழியே மறுபடி குத்தி, முனையை முதுகுத் தோலுக்குள் மட்டும் மெல்ல மறைத்துவிட வேண்டும். வேரில் உரசும்போது முனை வெளிப்படாது; மீன் வாயை மூடி அமுக்கும்போது ரப்பர் கீழிறங்கி முனை வெளிவரும். விரால் பிடிக்கத் தாமரைக் குளங்களில் இறங்குபவர்களுக்கும் இதே கோப்புதான் உதவும்.

ராடு, ரீல், நூல்

ஏழடி நீளத்தில், நுனி மட்டும் வளைந்து அடிப்பகுதி விறைப்பாக நிற்கும் ராடும், 3000 அல்லது 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீலும் போதும். நூலாகப் பின்னல் நூலையே பயன்படுத்துங்கள், பின்னல் நூலின் தடிமனைக் குறிக்கும் பிஇ அளவில் 1.5 எண் கொண்ட நூல் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனே இருந்தாலும் தரமானதாயின் சுமார் 30 பவுண்டு தாங்கும். தங்கூசி நரம்பு இழுபடும் இயல்புடையதாதலால், இரை தரையைத் தொட்டதையும் மீன் மெல்லத் தட்டியதையும் கைக்குச் சொல்லாது.

ஆனால் பின்னல் நூலை இரையில் நேரடியாகக் கட்டக் கூடாது. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி போன்றது. துள்ளித் தலையை உதறும்போது அது நூலில் பட்டால் எல்லாம் முடிந்தது. எனவே 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் அல்லது தடித்த நரம்பில் ஒரு மீட்டர் அளவுக்கு லீடர், அதாவது பின்னல் நூலுக்கும் இரைக்கும் இடையிலான இணைப்பு, வையுங்கள். பின்னல் நூலையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி என்ற முடிச்சு மிகச் சிறந்தது. ராடின் வளையங்களில் தடையின்றி ஓடும். அது கைவரும்வரை இரட்டை யூனி முடிச்சு போட்டுக்கொள்ளலாம். இரையை இறுக்கிக் கட்டாமல், சிறு கண்ணி விட்டுக் கட்டினால் தலை தாராளமாக அசையும். ஒவ்வொரு சில வீச்சுகளுக்கும் ஒருமுறை லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரல்களால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியான டிராக்கை நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்க வேண்டாம். 30 பவுண்டு என்பது ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ; ஆகவே நான்கு கிலோ உச்ச வரம்பு, திறந்த நீரில் மூன்று கிலோவே போதும். இதைக் கையால் இழுத்து ஊகிக்காமல், தொங்கு தராசை நூலில் மாட்டி அளந்துவிடுங்கள்.

ஓதமும் இடமும்

சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்திலும் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அட்டமியை ஒட்டிய நாட்களில் இன்னும் குறைவு. இவ்வளவு சிறிய ஏற்றவற்றத்தில் பரந்த நீரில் ஓட்டம் தெரியாது. குறுகிய இடங்களில் மட்டுமே ஓட்டம் வலுப்படும்: முகத்துவாரத்தின் வாய், பாலத் தூண்களின் இடைவெளி, சிற்றோடை பெருங்கழியில் கலக்கும் முனை. வற்றம் தொடங்கியதும் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த மடவைக் குஞ்சுகள் அந்த இடுக்குகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். கொடுவா அங்கேதான், ஓட்டம் நேராகப் படாத நிழலில், ஓட்டத்தைப் பார்த்துத் தலை வைத்து நிற்கும். வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம் அந்தி அல்லது விடியலோடு ஒன்றி வரும் நாளை நாட்காட்டியில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை அப்படியே நம்பினால் சீக்கிரம் போய்க் காத்திருக்க நேரிடும். வாய் குறுகிய கழிகளில் உள்ளே போகப்போக ஏற்றமும் வற்றமும் தாமதமாகவே நிகழும். அந்தத் தாமதம் எவ்வளவு என்பதை இரண்டு மூன்று முறை சென்று நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

முட்டுக்காடு, அடையாறு போன்ற முகத்துவாரங்களில் கோடையில் மணல் மேவி வாய் அடைபடுவது வழக்கம். அப்போது ஓட்டம் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அந்த மணல் மேட்டை உடைக்கும். செந்நீர் பாய்ந்தோடும் நாட்களில் தூண்டிலால் பயனில்லை. வெள்ளம் தணிந்து, நீர் தேநீர் நிறத்திலிருந்து பச்சைக்குத் திரும்பும் வாரங்களே இந்த முறைக்கு உகந்தவை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரமும் புன்னைக்காயலில் தாமிரபரணி முகத்துவாரமும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கத்தக்கவை. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வனத்துறையின் பொறுப்பிலும், பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால், அங்கே உரிய அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. எங்கே போனாலும் மீனவர்கள் வலை விரித்திருக்கும் வரிசைக்குள் வீசாதீர்கள்.

கால்களை முழுவதும் மூடும் காலணி அவசியம். கிளிஞ்சல் வெட்டு எளிதில் ஆறாது. நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை முன்னதாகவே விலகிப் போகும்.

வீசுவதும் இழுப்பதும்

தூணை நோக்கி நேராக வீசாதீர்கள். ஓட்டம் வரும் திசையில், தூணுக்கு மேலே சில மீட்டர் தள்ளி வீசி, ஓட்டமே இரையைக் கொண்டுவந்து நிழலின் விளிம்பில் சேர்க்கும்படி விடுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து வேகமாக நீந்தி வரும் குஞ்சு மீன் கொடுவாவுக்குச் சந்தேகத்தைத் தரும். ஓட்டத்தோடு தடுமாறி வருவதே இயல்பானது.

முதல் மூன்று வீச்சுகளில் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களையும் சோதியுங்கள். முதல் முறை இரை விழுந்ததும் இழுக்கத் தொடங்குங்கள்; இரண்டாவது முறை பாதி எண்ணிய பிறகு; மூன்றாவது முறை தரையைத் தொட்ட பிறகு. எந்த எண்ணிக்கையில் தட்டியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் அன்றைய மீன் நிற்கும் ஆழம் கையில் வந்துவிடும். இழுப்பு, வால் அடிப்பது ராடின் நுனியில் மெல்லிய துடிப்பாகத் தெரியும் மிகக் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, இரையை விழ விடுங்கள். நிறுத்தும்போது ராடைத் தாழ்த்தி நூலை முழுவதும் தொய்ய விடக் கூடாது. இரை விழும் வேகத்துக்கே நுனியையும் இறக்கி, நூலை அரைகுறை விறைப்பில் வைத்திருக்க வேண்டும். அடியில் கிழங்கான் இருக்கும் மணல் பகுதியில், ராடை ஒரு முழம் உயர்த்தித் தாழ்த்துவதே இழுப்பாக இருக்கலாம்.

எடுப்பு எப்போதும் பெரிய அதிர்ச்சியாக வராது. விழுந்துகொண்டிருக்கும் நூல் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகரலாம். எண்ணிக்கை முடிவதற்கு முன்பே நூல் தொய்யலாம். அவையும் எடுப்புகளே. அப்போது ராடை வெடுக்கென்று மேலே தூக்கினால், இன்னும் வாய் மூடாத மீனிடமிருந்து இரையைப் பிடுங்கியதாகிவிடும். முதலில் தொய்வைச் சுற்றி எடுத்து, எடை கையில் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் அழுத்தமாக ஒருமுறை வீசி இழுங்கள்.

போராட்டமும் கரை சேர்ப்பதும்

முள் ஏறிய கொடுவா முதலில் தூணையோ வேரையோ நோக்கி ஓடும். அந்த முதல் ஓட்டத்தில் மட்டும் உறுதியாகத் தடுத்து நிறுத்தி, பிறகு டிராக்கை வேலை செய்ய விடுங்கள். நூல் மேல்நோக்கி எழத் தொடங்கினால் மீன் துள்ளப்போகிறது. ராடின் நுனியை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். பாலத்தின் மேலிருந்து தூண்டில் போட வேண்டாம். வாகனங்களால் வரும் ஆபத்து ஒருபுறமிருக்க, அங்கிருந்து பெரிய மீனைத் தூக்க முயன்றால் நூல் அறும் அல்லது வாய் கிழியும். கரையில் வலைக்கரண்டியால் முகந்து, கீழ்த்தாடையைப் பிடிகருவியால் பற்றி, வயிற்றின் கீழ் மற்றொரு கையைக் கொடுத்துத் தூக்குங்கள். செவுளுக்குள் விரலை விடாதீர்கள்.

கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவற்றில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்களாகவே இருக்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்ததிலிருந்து, கறிக்கான கொடுவா பண்ணைகளிலும் கிடைக்கிறது. ஆகவே ஒரு நடுத்தர மீனைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, கைநீளத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுவதே என் வழக்கம். விடும்போது தலையை ஓட்டத்தை நோக்கிப் பிடித்து, அது தானாக வாலை அடித்துக் கிளம்பும்வரை தாங்கியிருங்கள்.

இரண்டு மூன்று மீன்களுக்குப் பிறகு ரப்பர் மீனின் மூக்கு கிழிந்து, ஈயத் தலையில் நில்லாமல் இறங்கத் தொடங்கும். அதைக் கழியில் எறியாதீர்கள். மக்காது, மீன் விழுங்கினால் குடலில் தங்கும். மூக்கில் ஒரு சென்டிமீட்டரை நேராக வெட்டிவிட்டு மறுபடி கோத்தால் இன்னொரு மாலைக்கு வரும். நடுவுடலில் கிழிந்த பிவிசியாக இருந்தால், சூடாக்கிய கத்தி முனையைக் கிழிசலுக்குள் வைத்து எடுத்து, இரு பக்கங்களையும் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க ஒட்டிக்கொள்ளும். புகையை முகர வேண்டாம்; இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். ஒட்டிய பிறகும் கரையோரத்தில் ஒரு மீட்டர் இழுத்துப் பார்த்து, வால் அடிக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டே வீசுங்கள்.